டாய்லெட் வர 94 வருஷம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கமலா ஹாரிஸ் தோத்ததுல இருந்து எங்க பார்த்தாலும் ஒரே கேள்விதான், அமெரிக்காக்காரன் ஒரு பொம்பளைய ஜனாதிபதியா ஏத்துக்குவானா மாட்டானான்னு. உங்க பேப்பர்லயும் அதேதான். அவங்க மனசுல கோளாறே இல்லைன்னு நான் சொல்ல வரல, ஆனா 2016ல ஹிலாரிக்கு ட்ரம்ப்பை விட 28 லட்சத்துக்கும் மேல ஓட்டு கூட விழுந்துச்சே, அதையும் அதே ஜனங்கதானே போட்டாங்க? கவுத்தது எலெக்டோரல் காலேஜ் கணக்கு, அதாவது நாடு முழுக்க விழுந்த மொத்த ஓட்டை வெச்சு இல்லாம மாநிலவாரியா கணக்குப் போட்டு ஜனாதிபதிய முடிவு பண்ற முறை. மனச விடுங்க, கட்டடத்தைப் பாருங்கன்றேன் நான்.

நிஜமாவே கட்டடம்தான். மொன்டானா மாநிலத்துல இருந்து ஜெனட் ராங்கின்னு ஒரு பெண் ஜெயிச்சு 1917ல பிரதிநிதிகள் சபைக்குள்ள, அதாவது அந்த ஊரு பார்லிமென்ட்டோட கீழ்சபைக்குள்ள போய் உட்கார்ந்தாங்க, நாடு முழுக்க பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமை வந்ததே 1920லதான். ஆனா சபை பக்கத்துல லேடீஸ் டாய்லெட் எப்போ வந்துச்சு தெரியுமா, 2011ல! ஆம்பளைங்களுக்கு வாசல்லயே இருந்துச்சு, குளிர் காய நெருப்பு, டிவி, ஷூ பாலிஷ் எல்லாத்தோடயும். பெண் உறுப்பினருங்க டூரிஸ்ட் கூட்டத்தைத் தாண்டி வேற ஹால் பக்கம் போயிட்டு, ஓட்டெடுப்பு முடியறதுக்குள்ள ஓடி வரணும். இதுல கூத்து என்னன்னா நான்சி பெலோசின்னு ஒரு பொம்பளையே 2007ல இருந்து நாலு வருஷம் சபாநாயகரா இருந்தப்பவும் வரல, அவங்க இறங்கினப்புறம்தான் வந்துச்சு.

அடுத்தது பிள்ளை. நியூயார்க்ல லியூபா கிரெச்சன் ஷெர்லின்னு ஒருத்தங்க ரெண்டு சின்னக் குழந்தைங்கள வெச்சுக்கிட்டு எலெக்‌ஷன்ல நின்னாங்க, பிரச்சாரத்துக்குப் போனா பிள்ளைய யார் பார்க்கிறது? ஆள் வெச்சு அந்த சம்பளத்தை பிரச்சார நிதியில இருந்து குடுக்கலாமான்னு தேர்தல் கமிஷன்கிட்ட எழுதிக் கேட்டாங்க, 2018 மே மாசம் சரின்னுட்டாங்க. அந்தம்மா தோத்துட்டாங்க, ஆனா அந்த அனுமதி அதுக்கப்புறம் நிக்கிறவங்களுக்கும் கைகொடுக்குது.

அதே 2018 ஏப்ரல்லதான் செனட்டர், அதாவது மேல்சபை உறுப்பினர், டாமி டக்வொர்த்துக்கு குழந்தை பிறந்துச்சு, பதவியில இருக்கும்போதே பிள்ளை பெத்த முதல் செனட்டர் அவங்க. கைக்குழந்தைய உள்ள தூக்கிட்டு வரணும்னா விதியவே மாத்தணும், அப்போ ஒரு மூத்த செனட்டர், பத்து குழந்தைங்க வந்துட்டா என்ன பண்றதுன்னு கேட்டாரு. நூறு பேர் இருக்கிற சபைல பத்து கைக்குழந்தையாம், அவ்ளோ இளவட்டமாவா இருக்கு செனட்டு?

2025லயும் கதை மாறல. கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த கீழ்சபை உறுப்பினர் பிரிட்டனி பீட்டர்சன், பிறந்து நாலு வாரமே ஆன பிள்ளைய தூக்கிட்டு பிளேன் ஏறி வாஷிங்டன் போய் பட்ஜெட் ஓட்டு போட்டுட்டு வந்தாங்க, நேர்ல வந்தாதான் ஓட்டு. பிள்ளை பெத்தவங்க சார்பா இன்னொருத்தர் போடலாம்னு விதி கொண்டு வர ரெண்டு கட்சிலயும் சில பேர் மல்லுக்கட்டினாங்க, சபாநாயகர் கடைசி வரைக்கும் ஒத்துக்கல.

ரெண்டு சபையும் சேர்ந்து 535 பேர் இருக்கிற காங்கிரஸ்ல (அவங்க பார்லிமென்ட்டோட பேரு அது) பெண்கள் 150 பேர் அளவுலதான் இருக்காங்க. ஏற்கனவே சீட்ல இருக்கிறவங்களே பெரும்பாலும் திரும்பத் திரும்ப ஜெயிக்கிற ஊர் அது, புதுசா வர்றவங்களுக்கு காலி இடமே அபூர்வம். அடுத்த தடவை அமெரிக்க எலெக்‌ஷன் பத்தி முழுப் பக்கம் போடறப்ப இதுக்கும் நாலு வரி ஒதுக்குங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி