அக்கா, உங்கள் காலை வகுப்பை நான் எடுக்கிறேன்

அன்புள்ள அக்கா,

வருகிற திங்கட்கிழமையிலிருந்து உங்கள் காலை ஜெர்மன் வகுப்பு, தொடக்க நிலையான ஏ1, எனக்கு. நேற்றுதான் சரி என்று சொன்னேன். வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். நான் இங்கே எழுதுவதை மட்டும் விடாமல் படிக்கிறீர்களாம், உங்கள் மகள் சொன்னாள். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

நம் இருவரையும் தெரிந்தவர்கள் இதைப் படிப்பார்கள். நீங்கள் ஏன் விலகினீர்கள் என்பதையும், போன வருடம் பெர்லின் ஆசிரியர் பயிற்சிக்கான பட்டியலில் உங்கள் பெயர் இருந்த இடத்துக்கு என் பெயர் எப்படி வந்தது என்பதையும் இங்கே எழுதப்போவதில்லை. நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நீங்கள் அப்படி நடந்துகொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெர்லினிலிருந்து திரும்பி வந்து ஒரு வருடம் ஆகிறது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரோடும் சேர்ந்து நீங்களும் ஒரு சாக்லேட் எடுத்துக்கொண்டு, "ரொம்பக் குளிரா?" என்றீர்கள். அதற்கு மேல் இன்றுவரை ஒரு கேள்வி இல்லை. உங்களுக்குச் சொல்வதற்கென்றே நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்குள்ளேயே கிடக்கிறது.

வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும், "மிஸ், நீங்க ஜெர்மனி போயிருக்கீங்களா?" என்று. நீங்கள் சாக்பீஸைக் கீழே வைக்காமலே, "மாக்ஸ் முல்லர் இந்தியாவுக்கு வந்தாரா?" என்பீர்கள். டெஸ்ஸாவில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து ரிக் வேதத்தைப் பதிப்பித்து, கடைசிவரை இந்தியாவையே பார்க்காமல் போன மனிதர். இங்கே ஜெர்மன் சொல்லித்தரும் பவன்களுக்கு அவர் பெயர்தான். வகுப்பே சிரிக்கும். மாணவியாக நானும் சிரித்திருக்கிறேன். அந்தக் கேள்வி உங்களைக் குத்துகிறதா என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

சரி, நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன்.

பயிற்சி தொடங்கியதுமே எங்களை மாணவர்களாக்கிவிட்டார்கள். ஒவ்வொருவரும் தன் தாய்மொழியில் பதினைந்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். ஜெர்மன் கூடாது, ஆங்கிலம் கூடாது, மொழிபெயர்ப்பே கூடாது. முதலில் ஜார்ஜியாவிலிருந்து வந்த ஆசிரியை எடுத்தார். எனக்கு ஒரு எழுத்தும் ஓடவில்லை. அவர் என் பக்கம் திரும்பியபோதெல்லாம் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டேன். நம் பிள்ளைகள் ஏன் அப்படிக் குனிகிறார்கள் என்று அங்கேதான் எனக்கு உடம்பில் ஏறியது.

அப்புறம் என் முறை. மதிய உணவு இடைவேளையில் கடைக்கு ஓடி ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினேன். அறைச் சாவி, ஒரு ஸ்பூன், என் சீப்பு. ஊரிலிருந்து கொண்டுபோன மஞ்சப்பை இருந்தது. எல்லாவற்றையும் அதில் போட்டேன். பைக்குள் கையை விட்டு, எடுக்காமல், நீங்கள் செய்வதுபோல் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பேச்சு நின்றது. "இது சாவி." மறுபடி, "இது சாவி." ஒவ்வொரு பொருளாக வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது. பிறகு சீப்பை உயரத் தூக்கிப் பிடித்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "இது எலுமிச்சம்பழம்" என்றேன்.

யாரும் அசையவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பொறு, வாயை மூடிக்கொண்டு பொறு, பதில் அவர்களிடமிருந்து வரட்டும் என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! பொறுத்தேன். அந்த ஜார்ஜியா அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "இல்லை!" என்று கத்தினார். "இல்லை! இது சீப்பு!" பக்கத்திலிருந்த வியட்நாம் பையனும் "இல்லை, இல்லை" என்று கை ஆட்டினான். வந்து பத்து நிமிடம்கூட ஆகாத மொழியில் என்னோடு சண்டை போட்டார்கள், அக்கா.

எந்தப் பயிற்சியில் கற்றுக்கொண்டாய் என்று பயிற்சியாளர் கேட்டார். திருச்சியில், என் ஆசிரியையிடம் என்றேன். உங்கள் பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார். உங்களுக்குப் பிடிக்காது என்பதால் இங்கே எழுதவில்லை. ஆனால் பெர்லினில் ஒருவரின் நோட்டில் அது இருக்கிறது.

இதை உங்களிடம் சொல்ல நான் ஒரு வருடம் காத்திருந்திருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்களும் என்னைக் காக்க வைத்திருக்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஹாலே போனேன். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு படித்த ஊர். பாதிரியார் ஃபிராங்கே 1698-இல் தொடங்கிய அறநிலையம் இன்னும் இருக்கிறது, நம் ஓலைச்சுவடிகளும் அங்கே இருக்கின்றன. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகினார். பத்து வருடத்தில் அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சாகிவிட்டது. எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் தரங்கம்பாடியிலேயேதான் இருந்தார். நான் அந்தக் கட்டடத்தில் நின்று அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களையும்.

அப்புறம், பெரியவர்கள் படிக்கும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற கல்வி மையம் ஒன்றில் வகுப்பு பார்க்க அனுப்பினார்கள். சிரியாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்தவர்களுக்கான ஒருங்கிணைப்புப் பாடம். பலகையில் பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் முன்சொற்கள்: டேர் நீலம், டி சிவப்பு, டாஸ் பச்சை. உங்கள் கலர் சாக்பீஸ் நிறங்களேதான். ஏ1, ஏ2 தாண்டி மூன்றாம் நிலையான பி1 வரைக்கும் 600 பாட வேளை மொழிக்கு, நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்னும் 100. தெருவில் இறங்கினாலே ஜெர்மன் காதில் விழும் ஊரில் அவ்வளவு நேரம் தருகிறார்கள். திறன்மிக்க இந்தியப் பணியாளர்களுக்கான ஜெர்மன் விசாவை வருடத்துக்கு 20,000-இலிருந்து 90,000 ஆக்குவதாக 2024 அக்டோபரில் அறிவிப்பு வந்ததிலிருந்து நம்மிடம் வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கோ அதற்கும் அடுத்த நிலையான பி2 வரைக்கும் சில மாதங்கள்தான். அவர்கள் பேச்சுத் தேர்வுக்கு உரையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். வார்டில் ஒரு கிழவர் வலிக்கிறது என்று வேறு வார்த்தையில் சொன்னால் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கூட்டத்தில் கேட்டீர்கள். நீங்கள் சொன்னது சரி. அன்று நான் வாய் திறக்காததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் விலகுவது உங்களால் முடியும், அக்கா. வீடு சொந்தம், மகளுக்கு வேலை. எனக்கு மாதம் பிறந்தால் கட்ட வேண்டியது இருக்கிறது. நான் மறுத்திருந்தால் அந்த வகுப்புக்கு யாரைப் போட்டிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். முதல் மூன்று வாரம் புத்தகத்தைத் திறக்கமாட்டேன், பேச்சு மட்டும்தான் என்று நிபந்தனை வைத்தேன். ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் வருடக்கணக்காகக் கேட்டும் தராததை எனக்கு ஒரே பேச்சில் தந்தார்கள். அந்த ஜெர்மனிச் சான்றிதழுக்காகத்தான் இருக்கும். இது உங்களை வருத்தும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், பின்னால் தெரிந்து வருந்துவதைவிட இது மேல்.

வகுப்பு பார்க்க ஒரு நாள் வாருங்கள். கடைசி வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன். தப்பு இருந்தால் பிள்ளைகள் போன பிறகு சொல்லுங்கள். என் முதல் வகுப்பில் எல்லோர் முன்னாலும் திருத்தினீர்களே, அந்த மாதிரி வேண்டாம்.