இற்றைப்படுத்தலை நிறுத்தச் சொன்ன நண்பனுக்கு

திருகோணமலை

அன்பின் மச்சான்,

நலம். உங்கள் வீட்டிலும் அனைவரும் நலமென்று உப்புவெளியில் உன் அம்மா சொன்னார். மாரி மழை தொடங்கிய நாளிலிருந்து உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்பது நினைவில் இருக்கிறது. அதற்கான சமாதானங்களைப் பிறகு சொல்கிறேன். அம்மாவின் மடிக்கணனியில் வரும் இற்றைப்படுத்தல்களை, அதாவது மென்பொருளின் குறைகளைத் திருத்த அவ்வப்போது வரும் புதுப்பிப்புகளை, அடியோடு நிறுத்திவிடும்படி நீ கேட்டிருந்தாய். நான் நிறுத்தவில்லை. தொலைபேசியில் இதைச் சொன்னால் முதல் வாக்கியம் முடிவதற்குள் நீ வழக்காடத் தொடங்கிவிடுவாய் என்பதால், குறுக்கே புக முடியாத கடிதத்தில் சொல்கிறேன். முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டு.

அம்மாவுக்கு நேர்ந்த தொல்லை உண்மையானது. பேரப்பிள்ளையுடன் பேசிக்கொண்டிருக்கும்போது கணனி தன்பாட்டில் மறுதொடக்கம் செய்து, அணைக்க வேண்டாம் என்ற அறிவித்தலோடு நெடுநேரம் நின்றுவிட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? நேரத்தை மாற்றினாலே அது தீர்ந்துவிடும். காலை ஆறு மணி முதல் இரவு பதினொரு மணி வரை அது தானாக மறுதொடக்கம் செய்யாதபடி அமைத்திருக்கிறேன். பதிவிறக்கம் இணைப்பின் வேகத்தில் சிறு பங்கை மட்டும் எடுக்கும்படியும் வரையறுத்திருக்கிறேன். 2003 ஒக்ரோபர் முதல் மைக்ரோசொஃப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் வெளியிட்டு வருகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அது காலை வேளை; நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஆகவே மறுநாள் புதன் இரவில் கணனியை மின்னிணைப்பில் விட்டுவிட்டு உறங்கப் போகும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நாட்காட்டியில் போயா தினங்களைக் குறித்த அதே பேனையால் அந்தப் புதன்கிழமைகளையும் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.

நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் குட்டி அண்ணனின் அச்சுக் கடைக்கு நேர்ந்தது. சென்ற மாதம் ஒரு காலையில் அவர் கணனியைத் திறந்தபோது ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன, எதுவும் திறக்கவில்லை, பிட்கொயினில் கப்பம் கேட்கும் அறிவித்தல் ஒன்று மட்டும் திரையில் நின்றது. கோயில் திருவிழாப் பிரசுரங்கள், கலியாண அழைப்பிதழ்கள், பாடசாலைகளுக்கு அடித்துக் கொடுத்த வினாத்தாள்கள், காணி உறுதிகளின் பிரதிகள், போரிலும் ஆழிப்பேரலையிலும் மூலப் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் அவரிடம் ஒரு பிரதியாவது இருக்கட்டும் என்று ஒப்படைத்து வைத்திருந்த பிறப்புச் சான்றிதழ்கள், எல்லாம் ஒரே இரவில் பூட்டப்பட்டுவிட்டன. காப்புப் பிரதிக்கென்று வாங்கிய வன்தட்டு எப்போதும் கணனியிலேயே செருகியிருந்ததால் அதுவும் கூடவே போயிற்று. அண்ணன் கப்பம் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் சாவி கிடைக்கும் என்பதற்கு எவரும் பிணை நிற்க மாட்டார்கள். இற்றைப்படுத்தல்களின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அது வெறுமையாக இருந்தது. கணனியை அமைத்துக் கொடுத்தவர் உரிமமில்லாத விண்டோஸை நிறுவி, திருத்தங்கள் வந்தால் கள்ளப் பிரதி காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்த வழியை முதல் நாளிலேயே அடைத்திருக்கிறார். நீ அம்மாவின் கணனியில் செய்யச் சொன்னதும் அதுவேதான், மச்சான்.

2017 மே மாதத்தில் நீ அங்கிருந்து எனக்கு எழுதியதை மறந்திருக்க மாட்டாய். வொனாக்ரை என்ற கப்ப நச்சுநிரல் மே 12ஆம் திகதி இங்கிலாந்தின் மருத்துவமனைகளுக்குள் புகுந்தபோது, செய்தியைப் பார்த்துக் கொதித்துப்போய், இரண்டு மாதங்களாக மருந்து கையில் இருந்தும் இவர்கள் ஏன் போடவில்லை என்று கேட்டிருந்தாய். சரியான கேள்வி. அது புகுந்த விண்டோஸின் பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை அந்த ஓட்டையைத் தனக்கென மறைத்து வைத்துச் செய்திருந்த ஆயுதம் ஏப்ரல் 14ஆம் திகதி இணையத்தில் கசிந்தது. அதற்குப் பின் நான்கு வாரங்களில் அது 150 நாடுகளைச் சுற்றி வந்துவிட்டது. இங்கிலாந்தில் அரச மருத்துவச் சேவையை நடத்தும் 236 அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 நோயாளர் சந்திப்புகள் கைவிடப்பட்டதாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர் அந்த நிரலுக்குள் இருந்த பதிவு செய்யப்படாத ஓர் இணைய முகவரியைக் கண்டு, அதைத் தன் பெயரில் பதிவு செய்ததால்தான் பரவல் அடங்கியது. மருத்துவமனைகளிடம் அன்று நீ கேட்ட கேள்வியை இன்று உன்னிடம் கேட்கிறேன்.

நீ கவனிக்கத் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. திருத்தம் வெளியாகும் நாளில் அது நம்மை மட்டும் வந்தடைவதில்லை. பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிகள் இருக்கின்றன. எந்த இடத்தில் ஒரு சோதனை புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, எங்கே ஓர் அளவு சரிபார்க்கப்படுகிறது என்பதைப் பார்த்தாலே, அதுவரை அங்கே என்ன குறை இருந்தது என்பது கைதேர்ந்த ஒருவனுக்கு விளங்கிவிடும். சில ஓட்டைகளுக்கான தாக்குதல் நிரல்கள் திருத்தம் வெளியான சில நாட்களுக்குள்ளேயே, சில வேளைகளில் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே புழக்கத்துக்கு வந்துவிடுகின்றன. அதுவரை ஒரு சிலருக்கு மட்டும் தெரிந்திருந்த வழி, திருத்தம் வந்த கணத்திலிருந்து உலகத்துக்கே தெரிந்த வழியாகிறது. ஆகவே திருத்தத்தைப் போடாத கணனி நேற்று இருந்த நிலையிலேயே இன்றும் இருப்பதாக எண்ணிக்கொள்ளாதே. எதையும் தொடாமலே அதன் ஆபத்து கூடிவிட்டது. அம்மாவிடம் திருட என்ன இருக்கிறது என்று நீ கேட்டாய். அந்த நிரல்கள் ஆளைப் பார்த்து வருவதில்லை, அடைக்கப்படாத ஓட்டையைத் தேடி முகவரி முகவரியாகத் தட்டிக்கொண்டு வருகின்றன. அம்மாவின் கணனியில் வங்கிக் கணக்கும், அப்பாவின் ஓய்வூதியப் பத்திரங்களும், உன் பிள்ளைகளின் படங்கள் அத்தனையும் இருக்கின்றன.

உன் குறைகளில் நியாயம் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தோடு யாரும் கேட்காத புதுப் பொத்தான்களையும் விளம்பரங்களையும் ஒரே பொதிக்குள் கட்டி அனுப்புவதை நான் மன்னிக்க ஆயத்தமாக இல்லை. மக்கள் திருத்தங்களை வெறுப்பதற்கு இந்த வழக்கமே பெருங்காரணம். வெறுப்பவர் நிறுத்திவிடுகிறார், நிறுத்தியவர் அகப்பட்டுக்கொள்கிறார். நல்ல வேளையாக அம்மாவுக்கு இப்போது அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது; அவருடைய கணனியில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11க்குப் போகவும் வழியில்லை. ஆதரவை நீடிக்கும் திட்டத்தில் பதிந்திருக்கிறேன்; 2026 ஒக்ரோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், புது வசதிகள் எதுவும் வராது. அதற்குள் வேறு கணனிக்கு நீ வழி பார்க்க வேண்டும்.

திருத்தமே நஞ்சாகிவிடாதா என்றும் கேட்டிருந்தாய். ஆகலாம். 2024 யூலை 19ஆம் திகதி குரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான ஒரு கோப்பு ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணனிகளை வீழ்த்தி, விமானங்களைத் தரையில் நிறுத்தியது. அதில் எந்தத் தாக்குதலும் இல்லை, முழுக்க முழுக்கக் கவனக்குறைவு. அதே ஆண்டு மார்ச்சில் நடந்தது இன்னும் அச்சமூட்டுவது. விண்டோஸைப் போல இன்னோர் இயங்குதளமான லினக்ஸ் உலகில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்ஸெட் என்ற சிறு நிரலின் பராமரிப்பில் ஆண்டுக்கணக்காக உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளுக்குள் கள்ளவழி ஒன்றைப் புதைத்துவிட்டார். அன்ட்ரெஸ் ஃப்ரோயிண்ட் என்ற பொறியியலாளர், தொலைவிலிருந்து கணனிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரைச் செக்கன் கூடுதலாக எடுப்பதைக் கவனித்து, அந்த அரைச் செக்கனை விடாமல் துரத்திப் போய் அதைக் கண்டுபிடித்தார். பரவலாகப் பாவிக்கப்படும் நிலையான வெளியீடுகளுக்குள் அது போய்ச் சேருவதற்கு முன்பே பிடிபட்டது. இந்தச் செய்தியை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அச்சத்தால் மட்டுமன்று, அப்படி ஒரு மனிதர் இருக்கிறார் என்ற மகிழ்ச்சியாலும். இத்தகைய நிகழ்வுகளுக்காகப் பெரும் நிறுவனங்கள் முதலில் சில கணனிகளில் சோதித்துப் படிப்படியாக வெளியிட வேண்டும் என்பது சரி. வீட்டில் இருக்கும் ஒருவர் திருத்தங்களை எடுக்காமல் விடுவதற்கு இது காரணமாகாது, ஏனென்றால் அந்தக் கள்ளவழியும் ஓர் இற்றைப்படுத்தலின் மூலமே அகற்றப்பட்டது.

புதுக் கணனி விற்பதற்காகவே நிறுவனங்கள் ஓட்டை வைக்கின்றன என்ற உன் வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது. இணையத் தொடர்புகளைப் பிறர் வாசிக்காதபடி மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 2014 ஏப்ரலில் வெளிச்சத்துக்கு வந்த ஹார்ட்பிளீட் ஓட்டையை எடுத்துக்கொள். அனுப்புபவர் சொல்லும் நீளம் உண்மையான நீளந்தானா என்று பார்க்கும் ஒரு சிறு சோதனை விடுபட்டிருந்தது. அவ்வளவுதான். 2012 மார்ச்சிலிருந்து இரண்டு ஆண்டுகள் அது எவர் கண்ணிலும் படவில்லை. உலகின் வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த அந்த நிரலைச் சிலர் கூடி, ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டொலர் நன்கொடையில் பராமரித்து வந்தார்கள். அங்கே விற்பனைச் சூழ்ச்சி ஏதும் இல்லை. களைத்த கண்கள்தான் இருந்தன. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் ஓட்டைகளில் நூற்றுக்கு 70 அளவானவை நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று மைக்ரோசொஃப்டே 2019இல் சொன்னது. சி, சி++ மொழிகளில் எழுதிக் குவித்த பழைய நிரல்களை, அத்தகைய தவறுகளைத் தடுக்கும் ரஸ்ட் போன்ற மொழிகளுக்கு மாற்றும் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அது முடியும் வரை திருத்தங்கள் மாதாமாதம் வந்துகொண்டேதான் இருக்கும்.

நம் நாட்டைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும். 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் சேவையைக் கப்ப நச்சுநிரல் தாக்கியபோது ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளாமல் போயின. இணையத்தோடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டது. குட்டி அண்ணனின் வன்தட்டுக்கு நடந்தது அங்கேயும் நடந்தது. அந்தச் சேவை ஆதரவு முடிந்துபோன, எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசொஃப்ட் மின்னஞ்சல் மென்பொருளின் 2013 பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. புதிய பதிப்புக்கு மாற 2021இலிருந்தே திட்டமிருந்தும் நிதி உள்ளிட்ட காரணங்களால் தள்ளிப்போனது. அரசுக்கே அந்த நிலை என்றால், உரிமம் வாங்கினால் அந்த மாத வாடகை நின்றுவிடும் கடைக்காரனைத் திட்டி என்ன பயன்? ஓட்டையை அடைப்பதற்கான திருத்தம் உரிமமில்லாதவனுக்கும் தடையின்றிப் போய்ச் சேர வேண்டும் என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் அவனுடைய கணனியில் புகுந்தது அங்கேயே நின்றுவிடுவதில்லை.

ஆகவே அண்ணனின் கடைக்கு ஒரு வழி செய்யத் தொடங்கியிருக்கிறோம். உரிமமுள்ள விண்டோஸ் 11 கணனி ஒன்றும், மாறி மாறிக் கழற்றி வீட்டில் வைக்க இரண்டு வன்தட்டுகளும் வேண்டும். லினக்ஸ் போட்டுக் கொடுக்கலாமென்று முதலில் எண்ணினேன். ஆனால் அவருடைய தொழில் முழுவதும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலும் இருக்கிறது, அறுபது வயதில் அவரை வேறு மென்பொருள் பழகச் சொல்வது நியாயமன்று. பேஜ்மேக்கர் ஓடும் பழைய கணனியைத் துடைத்து, இணையத்திலிருந்து முற்றாகத் துண்டித்து அச்சு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வார். மின்னஞ்சலும் வாடிக்கையாளரின் பென்டிரைவுகளும் புதியதில் மட்டும். வகுப்பில் நம்மோடு கடைசி வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் எழுதியிருக்கிறேன், சிலர் சம்மதித்துவிட்டார்கள். நம்முடைய விண்ணப்பப் படிவங்களையெல்லாம் கடனுக்கு நிழற்படி எடுத்துத் தந்த மனிதர் அவர். உன் பங்கு எவ்வளவு என்பதைச் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் எழுது. உன் கைத்தொலைபேசியின் பாதுகாப்புத் திருத்தம் எந்த மாதத்தோடு நின்றிருக்கிறது என்பதையும் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்து, மறைக்காமல் எழுது.

அன்புடன்,
உன் கூட்டாளி