ஊராட்சியை எந்தக் கட்டத்தில் போடுவது? உள்ளாட்சித் தரவு சேர்க்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். வேலூர் மாவட்டத்து உள்ளாட்சிகளை ஒவ்வொன்றாகத் திறந்த தரவுத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். பைசா வாங்காமல் செய்கிற வேலை, அதற்கே ஒரு சபாஷ். அணைக்கட்டு, கணியம்பாடிப் பக்கத்துச் சின்ன ஊராட்சிகளைக்கூட விடாமல் சேர்த்திருப்பதைப் பார்த்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

உங்கள் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று சட்டமியற்றும் அவை, மற்றது நிர்வாகத் தலைமை. எல்லா உள்ளாட்சிக்கும் உறுப்பினர்களை முதல் கட்டத்திலும் தலைவரை இரண்டாவதிலும் போட்டு வேலையை முடித்துவிட்டீர்கள். கிராம ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழுத் தலைவர், பேரூராட்சித் தலைவர், மேயர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கோட்டையில் சட்டமன்றமும் அமைச்சரவையும் இருப்பதுபோலத்தான் கீழேயும் இருக்கும் என்று நினைத்துவிட்டீர்கள் போல.

கிராம ஊராட்சியையே எடுத்துக்கொள்வோம். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதும் தலைவர்தான், அங்கே போட்ட தீர்மானத்தை நிறைவேற்றும் அதிகாரம் உள்ளவரும் அவர்தான். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள். மேல்நிலைத் தொட்டி மோட்டார் எரிந்துபோனால் விடியற்காலையில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். செயலர் என்று ஒருவர் இருக்கிறார், ரசீதும் பதிவேடும் அவர் கையில். ஆனால் பொறுப்பு தலைவருடையது.

பணம் எடுப்பதைக் கவனியுங்கள். தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். அந்தத் துணைத் தலைவர் யார்? வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்தவர். நீங்கள் ‘அவை’ என்று தனியாக ஒதுக்கிவைத்தீர்களே, அந்தப் பக்கத்து ஆள் பட்டுவாடாவிலேயே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ஆகாமல் போனால் மோட்டார் ரிப்பேர் பில்லும் துப்புரவுப் பணியாளர் சம்பளமும் அப்படியே நிற்கும். ஒன்றிய அலுவலகத்தில் ஃபைல் தள்ளிய என்னைப் போன்றவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. பேசிப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் கலெக்டர் சட்டத்தின் 203-ஆம் பிரிவை எடுப்பார், கையெழுத்து அதிகாரம் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போகும். அப்போது உங்கள் இரண்டாவது கட்டத்தில் யார் பெயரை எழுதுவீர்கள்?

இத்தோடு கிராம சபை வேறு இருக்கிறது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50 பேர், 10,000-க்கு மேல் போனால் 300 பேர் என்று குறைவெண் வரம்பு உண்டு, அதாவது அத்தனை பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். ஊராட்சியின் திட்டமும் வரவு செலவும் அங்கே ஒப்புதலுக்கு வர வேண்டும். நடைமுறையில் அது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் சட்டத்தில் இருக்கிறது, தரவில் அதற்கு ஒரு இடமே இல்லை.

மற்ற அமைப்புகளில் கதை வேறு. ஒன்றியத்தில் குழுத் தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், நிறைவேற்றுவது வட்டார வளர்ச்சி அலுவலர். ஒடுகத்தூர், பள்ளிகொண்டா, பென்னாத்தூர், திருவலம் பேரூராட்சிகளில் செயல் அலுவலர். குடியாத்தம், பேரணாம்பட்டு நகராட்சிகளில் ஆணையர்.

2008 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாநகராட்சியான வேலூரிலும் அப்படித்தான். 60 வார்டு உறுப்பினர்கள் கொண்ட மாமன்றக் கூட்டத்தை மேயர் நடத்துவார், நிர்வாகத்தை அரசு நியமித்த ஆணையர் நடத்துவார். ஊர்ப்பேச்சில் மேயர்தான் எல்லாம், சரி. ஆனால் நிர்வாகத் தலைமை என்ற கட்டத்தில் அவர் பெயரைப் போட்டால் அது தப்பு. அதற்காக மாமன்றத்தைச் சட்டமன்றம் மாதிரி பாவித்தாலும் சரிப்படாது. சாலை வேலைக்கு அனுமதி, ஒப்பந்தப்புள்ளிக்கு ஒப்புதல் என்று பாதிக்கு மேல் நிர்வாக வேலைதான் அஜெண்டாவில் வருகிறது.

நீங்கள் அறவே விட்ட இன்னொன்று, காலம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் நம் மாவட்டத்து ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்கள் 2019 டிசம்பரிலேயே ஓட்டுப் போட்டுவிட்டன. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் நமக்குத் தள்ளிப்போனது. அந்த ஐந்து வருடமும் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. ஊராட்சி மன்றத்தின் அதிகாரமும் அவரிடம், தலைவரின் அதிகாரமும் அவரிடம். தானே தீர்மானம் போட்டுத் தானே நிறைவேற்ற வேண்டும். இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் சேர்ந்ததற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? உங்கள் பதிவிலோ அந்த வருடங்களிலும் ‘அவை: வார்டு உறுப்பினர்கள்’ என்றே இருக்கிறது. அப்போது வார்டு உறுப்பினர் என்று யாருமே கிடையாது, கண்ணு.

நம் ஊர்கள் முன்பு இருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்குப் போனாலும் இதே குழப்பம்தான். 1884-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்த ஜில்லா போர்டுகளுக்கு ஆரம்பத்தில் கலெக்டரே தலைவர். வெளிநாட்டிலும் இது தீர்ந்த விஷயமில்லை. 1900-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரம், மறுவருடமே ஒரு கமிஷன் அமைத்தது. உறுப்பினர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் அவை, தனித்தனியே போனால் ஆளுக்கொரு துறையின் தலைவர். இங்கிலாந்து 2000-ஆம் வருடச் சட்டத்தால் பெரும்பாலான மன்றங்களில் நிர்வாகத்தைத் தனியே பிரித்தது, 2011-இல், உறுப்பினர் குழுக்களே முடிவெடுக்கும் பழைய முறைக்குத் திரும்பவும் வழிவிட்டது. ஆகவே உலகம் முழுக்க இரண்டு கட்டம் போதும் என்று யாராவது சொல்லித் தந்திருந்தால், அவர்கள் ஊர்க் கணக்கே அதில் அடங்காது.

என் கோரிக்கை இதுதான். இரண்டு கட்டத்துக்கு நடுவில் ‘இரண்டும் சேர்ந்த அமைப்பு’ என்று மூன்றாவது ஒன்றைத் திறந்து, கிராம ஊராட்சிகளை அதில் வையுங்கள். ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி நான்குக்கும் ‘தீர்மானிக்கும் மன்றம்’, ‘செயல் அதிகாரி’ என்று தனித்தனியாக எழுதுங்கள், ‘சட்டமியற்றும்’ என்பதை எடுத்துவிடுங்கள். தலைவரைத் தேர்ந்தெடுத்தது மக்களா, உறுப்பினர்களா என்று இன்னொரு கட்டம் சேருங்கள். மேயர் விஷயத்தில் அதற்கும் தேதி வேண்டும், ஏனென்றால் 2011-இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், 2022-இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். தனி அலுவலர் காலத்துக்குத் தனிப் பதிவு போடுங்கள்.

மாவட்டத்தின் ஏழு ஒன்றியங்களில் கே.வி.குப்பத்தில் தொடங்கினால் நல்லது. அந்தப் பக்கத்து ஊராட்சிகள் எனக்குக் கொஞ்சம் பழக்கம். சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் வருகிறேன்.