வாரம் ஒரு ஊசி: எந்த ஊசிக்குப் பதில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வாரத்துக்கு ஒரு முறை போடும் இன்சுலின் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியை எங்கள் வீட்டில் முதலில் படித்தது அம்மாதான். தினசரி ஊசிக்கு இனி விடை என்கிற மாதிரி தலைப்பு. படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "அப்ப இனிமே எனக்கு வாரத்துக்கு ஒண்ணு போதுமா?" என்று கேட்டார். சாப்பாட்டுக்கு முன் மூன்று, இரவில் ஒன்று என்று தினமும் நாலு ஊசி போடுகிறவர் அவர். அந்த நாலில் எதற்குப் பதிலாக இந்தப் புது ஊசி என்று செய்தியில் ஒரு வரிகூட இல்லை.

நான் மருத்துவர் இல்லை, வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது, தூக்கத்திலும் கூட. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் நீண்ட நேர இன்சுலின். சாப்பாட்டால் ஏறும் சர்க்கரைக்கு வேகமாக வேலை செய்யும் இன்சுலின் வேறு. ஆக, வார ஊசி வந்தாலும் அம்மாவின் இரவு ஊசிதான் போகும், மற்ற மூன்றும் அப்படியே இருக்கும். இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை உங்கள் செய்தியாளர் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. ஐகோடெக் என்ற அந்த வார இன்சுலினுக்கு 2024 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி கிடைத்தது, சரி. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. ஒப்புதல் தராமல் திருப்பி அனுப்பியது; தயாரிப்பு முறை பற்றியும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் (உடலில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காதவர்கள்) பற்றியும் கூடுதல் விவரம் கேட்டது. முதல் வகைக்காரர்களிடம் நடந்த ஆய்வில், தினசரி ஊசி போட்டவர்களைவிட வார ஊசி போட்டவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, ஒரு வாரம் கழித்தும் பாதி அளவு மிச்சம் இருக்கிற மருந்து அது. அளவு கூடிப்போனால் திரும்ப எடுக்க முடியாது.

சர்க்கரை இறங்குவது என்றால் என்ன என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முன்பு அம்மா இரவில் போட்டது உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிவிட்டுப் போட வேண்டிய, பால் போல் கலங்கிய பழைய வகை. அது போட்ட சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். இரவு பத்து மணிக்குப் போட்டால் விடியற்காலை மூன்றுக்கு ஜாக்கெட் நனைய வேர்த்து, கை நடுங்கி எழுந்து உட்கார்ந்திருப்பார். கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலினுக்கு மாற்றிய பிறகு அது வெகுவாகக் குறைந்தது. அமிலத் தன்மையோடு தெளிவாக இருக்கும் அந்த மருந்து தோலுக்கு அடியில் போனதும் நுண்ணிய துகள்களாக உறைந்து, கிட்டத்தட்ட 24 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதனால்தான் வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது என்கிறார்கள்.

ஆனால் தெளிவாக இருப்பதில் ஒரு வம்பு உண்டு. சாப்பாட்டு ஊசிக்கு ஒன்று, இரவு ஊசிக்கு ஒன்று என்று அம்மாவிடம் இருப்பது பேனா வடிவ ஊசிகள்; இரண்டு பேனாவிலும் இப்போது தண்ணீர் மாதிரிதான் மருந்து. ஒரு நாள் இரவு அம்மா தூக்கக் கலக்கத்தில் சாப்பாட்டுப் பேனாவை எடுத்து 18 யூனிட் போட்டுவிட்டார். டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பதும் விரலைக் குத்திப் பார்ப்பதுமாக விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். அதிலிருந்து இரவுப் பேனாவில் தடியாக ஒரு ரப்பர் பேண்ட் இருக்கிறது, இருட்டிலும் விரலுக்குத் தட்டுப்படும்.

அப்புறம் ஊசி போடும் முறை. பட்டனை அழுத்தியதும் ஊசியை உருவிவிடுவார், நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டும் மருந்துதான், உள்ளே போயிருக்க வேண்டியது. அழுத்தியபடியே பத்து வரை எண்ணச் சொல்லி ஒரு நர்ஸ் காட்டிக்கொடுத்தார். தொப்புளுக்கு இடது பக்கம் ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி தட்டியிருந்ததையும் அவர்தான் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அந்த இடத்தில் மருந்து ஒழுங்காக ஏறாதாம். இடத்தை மாற்றினோம், பத்து எண்ணினோம், காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கிவிட்டது. அளவைக்கூட டாக்டர் இரண்டு யூனிட் குறைத்தார். அதுவரை, மருந்து சரியில்லை, மாற்ற வேண்டும் என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம்.

புது மருந்து வந்தால் செய்தி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருக்கு, எந்த ஊசிக்குப் பதில் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். நான் இவ்வளவு விளக்கிய பிறகும் அம்மா அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பேனா டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிறார், அடுத்த முறை டாக்டரிடம் காட்டுவதற்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்