படம் வேண்டாம், பற்றுச்சீட்டு போதும்

வின்சர், ஒன்ராறியோ

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நானும் அவரும் பிள்ளைகளும் நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்கக் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரை வேண்டுகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. ஊரில் உதவிச் சங்கம் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதும், உங்களையே பொருளாளராகத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்பதும் மனதுக்கு நிறைவாக இருந்தது. நெற்கணக்கில் ஒரு மரைக்கால்கூடத் தவறவிடாதவர் நீங்கள் என்பது ஊருக்கே தெரியும்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள், உதவிப் பொதி வாங்குகிறவரின் முகம் தெரியப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது விளங்க, இங்கே நான் சேர்ந்திருக்கும் லயன்ஸ் என்ற சேவைக் கழகத்தைப் பற்றி எழுத வேண்டும்.

வின்சர் ஆற்றங்கரை நகரம். ஆற்றுக்கு அப்பால் தெரிவது அமெரிக்காவின் டிட்ரோயிட். அமெரிக்கா கனடாவுக்குத் தெற்கே என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆறு வளைந்து ஓடுவதால் இந்த இடத்தில் மட்டும் அது எங்களுக்கு வடக்கே இருக்கிறது. கார்த் தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்த ஊர் இது. அங்கே ஆட்குறைப்பு என்றால் கடைத்தெரு வரை வாட்டம் தெரியும், மழை பொய்த்த வருடம் நம் படுவான்கரையில் தெரிவதைப் போல. பணக்கார நாட்டில் உணவு வங்கி வாசலில் வரிசை நிற்கும் என்று ஊரில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். சம்பளம் வாடகைக்கே போய்விடுகிறது.

லயன்ஸ் கழகம் மட்டக்களப்பிலும் இருப்பதால் பெயர் உங்களுக்குப் புதிதல்ல. 1917இல் சிக்காகோவில், மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதி வணிகரின் முயற்சியில் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே முதற்கழகம் 1920இல் அமைந்தது எங்கள் வின்சரில்தான். சர்வதேச அமைப்பு என்ற பெயர் அதன் பிறகுதான் அதற்குப் பொருந்தியது. நான் போவது பக்கத்திலுள்ள சிறிய கழகம் ஒன்றுக்கு. ஓய்வுபெற்ற தொழிற்சாலைத் தொழிலாளர்கள், முடி திருத்தும் பெண் ஒருவர், பாடசாலை பஸ் ஓட்டுநர் என்று நம்மைப் போன்ற மனிதர்கள்தான் உறுப்பினர்கள்.

நாங்கள் வந்திறங்கிய முதற்குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குச் சரியான மேலங்கி கிடையாது. பக்கத்து வீட்டு அம்மையார் ஒருநாள் கதவைத் தட்டி இரண்டு அங்கிகளைத் தந்தார். "அளவு சரியில்லை என்றால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்" என்றார், அவ்வளவுதான். எங்கிருந்து வந்தீர்கள், என்ன சம்பளம், எத்தனை பேர் என்று ஒரு கேள்வியும் இல்லை. அவை கழகம் சேர்த்த அங்கிகள் என்பது பல மாதம் கழித்து, அவரோடு நானும் கூட்டத்துக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் தெரியவந்தது. அதுவரை அவர் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தப் பெண்மணியின் மீது எனக்கு இருக்கும் மரியாதையை எழுத்தில் அடக்க முடியாது.

நீங்கள் பொருளாளர் என்பதால் பணவிடயத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன். கழகத்தில் இரண்டு கணக்குகள். உறுப்பினர் சந்தா ஒரு கணக்கில் போகும்; மண்டப வாடகை, தேநீர், தபால் எல்லாம் அதிலிருந்துதான். காலையுணவு விற்பனை, சீட்டிழுப்பு என்று பொதுமக்களிடம் திரட்டும் பணம் மற்றக் கணக்கில் போகும். அதைத் திரட்ட ஆன செலவு போக மிச்சம் முழுவதும் பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும். கூட்டத்துக்கு ஒரு பிஸ்கட் பக்கெட் வாங்கக்கூட அதில் கை வைக்கக்கூடாது. இது உலகெங்கும் உள்ள லயன்ஸ் கழகங்களுக்கான விதி. நம் சங்கத்திலும் முதல் நாளிலிருந்தே இரண்டு புத்தகம் வைத்துவிடுங்கள். பின்னால் வரும் பேச்சுகளில் பாதி அதோடு நின்றுவிடும்.

இவர்கள் அதிகம் பாடுபடுவது கண்ணுக்காக. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1925இல், ஈரி ஏரியின் தென்கரையில், ஓஹியோ மாநிலத்தில் நடந்த இவர்களுடைய மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்தார். கண்ணும் காதும் இழந்த அந்த அம்மையார், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கேட்டதை இவர்கள் இன்னும் விடவில்லை. பழைய மூக்குக்கண்ணாடிகளைச் சேர்க்கும் பெட்டியைக் கடைகளில் வைத்திருக்கிறார்கள். சேர்ந்தவற்றைக் கழுவி, வில்லையின் வலுவைக் கருவியால் அளந்து, வகை பிரித்து, வாங்க வசதியில்லாத நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஒன்ராறியோவில் ஓக்வில் என்ற ஊரில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் நிலையம் ஒன்றும் கனடா லயன்ஸ் அறக்கட்டளைக்கு உண்டு. குட்டியை ஏறக்குறைய ஒரு வருடம் ஏதாவதொரு குடும்பம் வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுக்கும். பிறகு நிலையத்தில் பயிற்சி. ஒரு நாய்க்குப் பல ஆயிரம் டொலர் செலவாகிறது, பெறுகிறவரிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. நாய் பஸ்ஸிலும் ஏறும், வங்கிக்குள்ளும் வரும். யாரும் தடுக்க முடியாது, சட்டம் அப்படி.

இனி அம்மாவின் படத்தைப் பற்றி. உங்களுக்கு நினைவிருக்கும். 2011 ஜனவரி வெள்ளம், பெரும்போக வேளாண்மை வெட்டுக்கு நின்ற நேரம். வயல் முழுவதும் தண்ணீருக்குள் போய், நாங்கள் பாடசாலைக் கட்டடத்தில் கிடந்தோம். உலர் உணவுப் பொதி கொண்டுவந்தவர்கள் பதாகையைப் பின்னால் கட்டி, ஒவ்வொருவரையும் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அம்மா தலையைக் குனிந்தபோது, "நிமிர்ந்து பாருங்கள்" என்று சொன்னார்கள். அறுவடைக் காலத்தில் வாசலுக்கு வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர் அவர். படம் பத்திரிகையில் வந்த பிறகு, அந்த வருடம் கண்ணகை அம்மன் சடங்குக்குக்கூட அவர் போகவில்லை. காலமாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அந்த அரிசியில்தான் நாங்கள் சாப்பிட்டோம். கொடுத்தவர்களுக்கு நன்றி உடையவள்தான் நான். ஆனால் அரிசியைக் கொடுத்துவிட்டு மனிதரின் முகத்தை எடுத்துக்கொண்டு போவது நியாயமில்லை, பெரியப்பா.

நமக்குக் கொடுக்கத் தெரியாமலில்லை. செத்த வீட்டுக்கு அரிசியும் தேங்காயும் காசும் கொண்டுபோகிறோம். கொப்பியில் பெயர் எழுதுவார்கள், அவ்வளவுதான். அங்கே யாராவது படம் எடுப்பார்களா?

அனுப்புகிறவர்களின் சந்தேகத்தையும் நான் தள்ளிவிடவில்லை. உழைத்த காசு எங்கே போனது என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கடைப் பற்றுச்சீட்டை அனுப்புங்கள். வங்கிக் கணக்கின் பிரதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். கிணறு கட்டினால் கிணற்றைப் படம் எடுங்கள், கூரை போட்டால் கூரையை எடுங்கள். பயனாளிகளின் பட்டியலை கிராம சேவையாளர் பார்த்துக் கையொப்பமிட்டால் போதும். அதற்கும் மேல் முகம் வேண்டும் என்று நிற்பவரின் பணத்தை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சங்கம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.

சங்கத்தின் முதல் வேலையாகக் கண் சிகிச்சைக்கு உதவுவதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம். அரசாங்க வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் நம் பக்கத்துக் கிழவிகள் பார்வை மங்கியபடியே அடுப்படியில் தடவிக்கொண்டு இருக்கிறார்கள். மண்முனைப் பாலம் வந்த பிறகு மட்டக்களப்பு தூரமில்லை. கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை என்பதுதான் உண்மையான தடை. போகிற மகனுக்கு அன்றைய கூலி போய்விடும். ஒரு நாளில் முடிகிற வேலையும் இல்லை. வான் கூலியையும் கூடப் போகிறவரின் அன்றைய சம்பளத்தையும் சங்கம் ஏற்றுக்கொண்டால், போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்கு ஒவ்வொரு முறையும் சிலரையாவது அழைத்துப் போகலாம். பொதி கொடுப்பதைப் போல இது வெளியே தெரியாது. ஆனால் தாங்களே ஊசியில் நூல் கோர்க்க முடிந்தால், அவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். அம்மாவின் விடயத்தையும் வாசிக்கலாம், எனக்குச் சம்மதம். வான் கூலிக்கான பணத்தை இந்த மாதமே சங்கக் கணக்கில் போடுகிறேன். இரண்டாவது புத்தகத்தில் பதிந்து பற்றுச்சீட்டை அனுப்புங்கள். அம்பிளாந்துறை மாமிக்குக் கிளினிக் நாள் எப்போது என்றும், கூடப் போக யார் இருக்கிறார்கள் என்றும் எழுதுங்கள். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்