டியூ-142ஐப் பார்க்க எங்கள் அப்பாக்களை அழைத்துப்போக உதவியவர்களுக்கு

விசாகப்பட்டினத்து அன்பர்களுக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

டிசம்பர் 4, கடற்படை தினத்தையொட்டி விசாகப்பட்டினம் போன பெரியவர்கள் எல்லோரும் நல்லபடியாக அரக்கோணம் திரும்பிவிட்டார்கள். கைகொடுத்தவர்களில் பலருடைய பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ள நேரமில்லாமல் போனது. அதனால்தான் இந்தப் பொதுமடல்.

விவரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டியூ-142 என்பது கடலுக்கடியில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகச் சோவியத் யூனியனிடமிருந்து நம் கடற்படை வாங்கிய விமானம். மொத்தம் 8. 1988இல் கோவாவுக்கு வந்தவை, 1992இல் இங்கே ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத்தளம் தொடங்கியபின் அரக்கோணத்துக்குக் குடிவந்தன. (2015 வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூடியிருந்தபோது பயணிகள் விமானங்கள் இயங்கியதே, அதே ராஜாளிதான். சென்னையில் பாதிப்பேருக்கு அன்றைக்குத்தான் அப்படி ஓர் இடம் இருப்பதே தெரிந்தது!) ஒரு விமானத்துக்கு நான்கு என்ஜின்கள், ஒவ்வொன்றும் சுமார் 15,000 குதிரைத்திறன். ஒவ்வொரு என்ஜினிலும் முன்னும் பின்னுமாக இரண்டு புரொப்பெல்லர்கள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும். அது கிளம்பினால் எங்கள் தெருவில் பேச்சு நின்றுவிடும். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் அவற்றுக்கு விடைகொடுத்தார்கள். அடுத்த மாதமே ஒரு விமானம் விசாகப்பட்டினத்துக்குப் பறந்தது. அதைப் பிரித்து, சாலை வழியே கடற்கரைக்குக் கொண்டுவந்து, மறுபடி பூட்டி, அந்த ஆண்டு டிசம்பரிலேயே அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள்.

எங்கள் அப்பாக்கள் அதை ஓட்டியவர்கள் இல்லை. என்ஜின், சக்கரம், வயரிங், ரேடியோ என்று தரையில் நின்று பராமரித்தவர்கள். 29 ஆண்டு சேவையில் சுமார் 30,000 மணி நேரம் விபத்தில்லாமல் பறந்தது என்று கடற்படை பெருமையாகச் சொல்கிறது. அந்தக் கணக்குக்குள் இவர்கள் விழித்திருந்த ராத்திரிகளும் இருக்கின்றன. நினைவு நாள் மேடைகளில் இப்படிப்பட்டவர்களை யாரும் கூப்பிடுவதில்லை, இவர்களும் எதிர்பார்ப்பதில்லை. பிள்ளைகளான எங்களுக்குத்தான் அது உறுத்தலாக இருந்தது.

ஆகவே முதல் நன்றி அருங்காட்சியகத்தில் எங்களுக்கு விளக்கம் சொன்ன ஐயாவுக்கு. அவரும் கடற்படையில் இருந்து ஓய்வுபெற்றவர். சோனோபாய் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். விமானத்திலிருந்து கடலில் போடுவார்களே, தண்ணீருக்கடியில் கேட்கும் ஒலியை மேலே அனுப்பும் மிதவை, அதுதான். பின்வரிசையில் நின்ற எங்கள் மாமா ஒருவர், "அதை ஏத்துறது எங்க வேலைங்க" என்று மெதுவாகச் சொன்னார். விளக்கம் சொன்னவர் அப்படியே நிறுத்திவிட்டார். "அப்போ நீங்க சொல்லுங்க சார், நான் கேட்டுக்கிறேன்" என்று ஒதுங்கி நின்றார். அப்புறம் ஒரு மணி நேரம் பேச்செல்லாம் எங்கள் பெரியவர்களுடையதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மாமாவுக்குத் தெரிந்த தெலுங்கு பத்து வார்த்தை இருந்தால் அதிகம். மீதியை அந்த ஐயாவே தெலுங்கில் எடுத்துச் சொன்னார். தன் இடத்தை இன்னொருவருக்கு அவ்வளவு இயல்பாக விட்டுக்கொடுக்க எல்லோராலும் முடியாது.

முழங்கால் வலியால் படியேற முடியாத ஒரு சித்தப்பாவுக்குச் சக்கரத்தின் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் கொடுத்த துப்புரவுப் பணியாளர் அக்காக்களுக்கு நன்றி. அவர் மேலே ஏறவே இல்லை, ஏற வேண்டும் என்று கேட்கவும் இல்லை. டயரைத் தட்டிப் பார்த்தபடி அங்கேயே இருந்தார். மோர் வாங்கிக் கொடுத்ததும் அந்த அக்காக்கள்தான்.

அதே கடற்கரைச் சாலையில், 1971 போரின் நினைவாக எழுப்பிய வெற்றிச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பதைப் பார்க்கக் கூட்டத்தில் வழிவிட்டு, நிழலில் இடமும் பிடித்துக் கொடுத்த காவலர் தம்பிக்கும் நன்றி. அந்தப் போரில், டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி, பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியேதான் மூழ்கியது. உள்ளே இருந்த 90க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. "அவங்களுக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்" என்றார் எங்கள் குழுவில் மூத்தவர். நீர்மூழ்கிகளைத் தேடுவதற்கான விமானத்துக்கே வாழ்நாளைக் கொடுத்தவர் சொன்னதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

வெயிலில் ஒருவருக்குத் தலைசுற்றியதும் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிய கல்லூரி மாணவிகளுக்கும், வாடகை வாங்க மறுத்த அந்த ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி. ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். சாயங்காலமே பெசரட்டு கேட்டுச் சாப்பிட்டார். போகும்போது கீழ்ப்படுக்கைகளை விட்டுக்கொடுத்த ரயில் பயணிகளையும் மறக்கவில்லை.

நம் ஊரில் பணம் கொடுத்தவர்கள் பெயர் போட வேண்டாம் என்றதால் போடவில்லை. வரவு செலவுக் கணக்கு எழுதிவைத்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கையில் மிஞ்சியதை, கடைசி நேரத்தில் உடம்புக்கு முடியாமல் வராமல் போன பெரியவரின் மருந்துச் செலவுக்குக் கொடுத்துவிட்டோம். படங்களைப் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறோம். விளக்கம் சொன்ன ஐயாவுக்கும் அந்த அக்காக்களுக்கும் ஆளுக்கொரு பிரதி தபாலில் வரும்.

இப்படிக்கு,
ராஜாளியில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள்,
அரக்கோணம்