நீங்கள் கேட்டதற்குப் பதில்

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். "பணக்காரன் வரி கட்டாம தப்பிக்க வழி சொல்றதுதான் உன் பாரிஸ்டர் வேலையா?" என்று போனில் கேட்டீர்கள். கிருஷ்ணகிரி மா மண்டியில் வாழ்நாளெல்லாம் பேரேடு எழுதியவர் நீங்கள். நீங்கள் கேட்டால் உட்கார்ந்துதான் எழுத வேண்டும்.

இங்கே வக்கீல்கள் இரண்டு வகை. கட்சிக்காரரைப் பார்த்து, காகிதங்களைச் சேர்த்து, கடிதப் போக்குவரத்து நடத்துபவர் சொலிசிட்டர். கோர்ட்டில் எழுந்து வாதாடுவதும், சிக்கலான கேள்விக்குச் சட்டக் கருத்து எழுதித் தருவதும் பாரிஸ்டர். லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற நான்கு சங்கங்களில் ஒன்றில் சேராமல் பாரிஸ்டர் ஆக முடியாது. காந்தி 1891-ல் பாரிஸ்டர் ஆனது இன்னர் டெம்பிளில். படிப்பு முடிந்தபின் ஒரு வருஷப் பயிற்சி உண்டு. முதல் ஆறு மாசம் சீனியரோடு போய்ப் பார்க்கலாம், சொந்தமாகக் கேஸ் எடுக்கக் கூடாது. பிறகு ஒரு சேம்பர்ஸ், அதாவது பாரிஸ்டர்கள் சேர்ந்து இருக்கும் அலுவலகம், நம்மை ஏற்றுக்கொண்டால்தான் நிரந்தர இடம்.

சேம்பர்ஸ் என்பது கம்பெனி இல்லை அப்பா. ஒவ்வொருவரும் தனித் தொழில். வாடகையும் குமாஸ்தா செலவும் மட்டும் பொது. மாசச் சம்பளம் கிடையாது. கேஸ் முடிந்து பல மாசம் கழித்தும் பணம் வரும். நான் அனுப்பும் பணம் ஒரு மாசம் கூடி ஒரு மாசம் குறைவது இதனால்தான், கவலைப்படாதீர்கள். நம்மூரில் குமாஸ்தா வக்கீலுக்குப் பின்னால் கேஸ் கட்டோடு நடந்து வருவார். இங்கே எந்தக் கேஸ் யாருக்கு, எவ்வளவு ஃபீஸ் என்று பேசி முடிப்பதே அவர்தான். ஃபீஸ் விஷயமாக நான் வாயைத் திறப்பதில்லை.

அம்மா விக் வைத்த போட்டோ கேட்டிருந்தார். வரித் தீர்ப்பாயத்தில் விக்கும் இல்லை, அங்கியும் இல்லை. சாதாரண அறை, நீதிபதி, சில நேரம் அவர் பக்கத்தில் இன்னொரு உறுப்பினர். 2009 ஏப்ரலுக்கு முன்னால் சட்டம் படிக்காத உள்ளூர்ப் பெரியவர்களே சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து பல வரி மேல்முறையீடுகளைக் கேட்டிருக்கிறார்கள். இப்போதும் முதல் நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு போடக் கட்டணம் கிடையாது. சின்னக் கடைக்காரர்கூட அரசாங்கத்தை எதிர்த்து அங்கே வந்து நிற்கலாம். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

எந்த மாதிரிக் கேஸ் என்று சொல்கிறேன். இங்கே 1973-லிருந்து வாட் வரி இருக்கிறது. சாப்பாட்டுப் பொருள் பெரும்பாலானவற்றுக்கு வரி பூஜ்யம். கேக்குக்கும் பூஜ்யம். சாக்லேட் பூசிய பிஸ்கட் என்றால் முழு வரி, இன்றைக்கு 20 சதவீதம். ஜாஃபா கேக் என்று ஒரு பண்டம். கடையில் பிஸ்கட் அலமாரியில்தான் இருக்கும், மேலே சாக்லேட் பூச்சு. 1991-ல் தீர்ப்பாயம் அதன் மாவு, அளவு, விற்கிற இடம், சாப்பிடுகிற விதம் எல்லாவற்றையும் பார்த்தது. நாள்பட்டால் கேக் இறுகும், பிஸ்கட் நமுத்துப்போகும், இது இறுகியது. கடைசியில் கேக் என்று தீர்ப்பு. 2024-ல் அப்பளத்துக்கே ஒரு கேஸ் வந்தது. பாக்கெட்டில் வரும் குட்டி அப்பளம், உருளைக்கிழங்கு சேர்த்துச் செய்தது. இது உருளை சிப்ஸ் போன்றதுதான், வரி உண்டு என்றார்கள்.

சிரிப்பு வருகிறதா? நம் மண்டியில் இறங்கும் பெங்களூரா மாங்காய்க்கு ஜி.எஸ்.டி இல்லை. அதே காய் பழுத்து, பாக்டரிக்குப் போய்க் கூழாகி டின்னில் அடைந்தால் வரி வந்துவிடும். அது அப்போது 12 சதவீதம் என்று 2022-ல் ஜி.எஸ்.டி கவுன்சில் தெளிவுபடுத்திய பிறகுதான் எத்தனை சதவீதம் என்ற குழப்பம் தீர்ந்தது. கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் ஒரு பாக்டரியின் லாபமே இருக்கிறது. அந்தக் கோட்டை அதிகாரி தன் இஷ்டத்துக்கு இழுக்கக் கூடாது, வியாபாரியும் இழுக்கக் கூடாது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று நம் அரசியல் சாசனத்தின் 265-வது பிரிவு சொல்கிறது. என் வேலை முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் துறையில் கேஸ் வந்தால், நேரமும் இருந்து ஃபீஸும் சரியாக இருந்தால், ஆளைப் பிடிக்கவில்லை என்று மறுக்க விதி இடம் தராது. வரித் துறையே வெளி பாரிஸ்டர்களை அமர்த்துகிறது. அதனால் இந்த மாசம் வியாபாரிக்காகவும் அடுத்த மாசம் அரசாங்கத்துக்காகவும் நான் நிற்கலாம். கட்சிக்காரர் தன் கணக்கு பொய் என்று என்னிடம் ஒப்புக்கொண்டுவிட்டு, அதை மெய் என்று சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன். அவர் பிடிவாதம் பிடித்தால் கேஸை விட்டே விலக வேண்டும்.

சட்டத்துக்குள்ளேயே நின்று வரியைக் குறைக்கப் பார்ப்பவர்கள் வேறு. வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் என்ற பெரும் பணக்காரர், தோட்டக்காரர் போன்ற தன் வேலையாட்களுக்குக் கொடுத்த பணத்தைச் சம்பளமாகக் காட்டாமல் பத்திரப்படி தரும் தொகையாக எழுதி வைத்து, அதைச் சொல்லியே தன் வரியைக் குறைத்தார். பத்திரத்தில் உள்ளபடிதான் பார்க்க வேண்டும் என்று 1935-ல், அப்போது இங்கே உச்ச கோர்ட்டாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1981-ல் ராம்சே வழக்கில் அதே சபை, தனித்தனிக் காகிதங்களை மட்டும் பார்க்காமல் முன்கூட்டியே திட்டமிட்ட மொத்த ஏற்பாட்டையும் பார்க்கலாம் என்றது. நம் உச்ச நீதிமன்றம் 1985-ல் மெக்டவல் வழக்கில் அந்தப் பக்கம் சாய்ந்தது. எனக்கு 1981 தீர்ப்புதான் நியாயமாகப் படுகிறது. வரி கட்டாமலிருக்க மட்டுமே ஜோடித்த ஏற்பாட்டுக்குக் கோர்ட் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

தினசரி வேலையில் சட்டத்தைவிடக் கணக்குப் புத்தகம்தான் அதிகம் பேசுகிறது. அதிகாரி போட்ட வரி தப்பு என்று காட்ட வேண்டியது பெரும்பாலும் வரி கட்டுபவர்தான். உணவகக் கேஸ்களில் அதிகாரிகள் சில நாள் விற்பனையைக் கவனித்து, அதை வைத்துப் பல வருஷத்துக்குக் கணக்குப் போடுவது உண்டு. அன்றன்றைய பில் கையில் இருப்பவர் அதை எதிர்த்து நிற்பார், இல்லாதவர் நிற்க முடியாது. ஒரு சீட்டைக்கூடக் கிழிக்க விடாமல் கம்பியில் குத்தி வைப்பீர்களே, அந்தப் பழக்கம்தான் இங்கே கேஸ்களை ஜெயிக்கிறது.

இன்னொன்று. நம் ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1937-ல் மதுவிலக்கைக் கொண்டுவந்தது முதலில் சேலம் ஜில்லாவில். அப்போது தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள்தான். அந்த வருமான இழப்பை ஈடுகட்ட 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. நாட்டில் அப்படி ஒரு பொது விற்பனை வரி அதுதான் முதல். நீங்கள் எழுதிய விற்பனை வரிக் கணக்கின் வேர் நம் மண்ணுக்காரரிடம் இருக்கிறது என்று படித்த அன்று உங்களை உடனே கூப்பிடத் தோன்றியது. அங்கே நடுராத்திரி.

சித்தி மகன் பி.காம் முடித்து வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்கிறானாம். படிக்கட்டும். வெளிநாடு இப்போது வேண்டாம். சென்னையில் வரி கேஸ் நடத்தும் ஒரு சீனியரிடம் சில வருஷம் ஜூனியராக இருக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் இந்த மா சீசன் முழுக்க உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேரேடு எழுதட்டும். ஞாயிறு சாயங்காலம் எனக்கு ஓய்வு, கூப்பிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்